லேப்டாப்பை முதலில் பிரித்தது யார்?

கேள்வி: மகனின் இன்ஜினீயரிங் படிப்புக்காக 88,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். இரண்டு வருட வாரன்டி. பதினான்காவது மாதம் திரையில் கோடு கோடாக வந்து, பிறகு ஒன்றுமே தெரியவில்லை. சர்வீஸ் சென்டரில் வாரக்கணக்கில் இழுத்தடித்துவிட்டு, 'கிராபிக்ஸ் சிப் போய்விட்டது, உள்ளே தண்ணீர் பட்டிருக்கிறது, வாரன்டி கிடையாது, மதர்போர்டு மாற்ற 42,000' என்றார்கள். மரியாதைக் குறைவாகவும் பேசினார்கள். கோபத்தில் வெளியே ஒரு கடையில் கொடுத்து சிப்பை ரீபால் (கழற்றி மறுபடி ஒட்டுவது) செய்தேன். சில நாள் ஓடி மறுபடி போய்விட்டது. மகனின் புராஜெக்டும் கெட்டது. இதே மாடல் பலருக்கும் போயிருக்கிறதாம். இப்போது பாதி விலைக்கு போர்டு மாற்றித் தருவதாக மெயில் வந்திருக்கிறது. ஐந்து லட்சம் கேட்டு வழக்குப் போடலாமா?
- வாசகர், ஈரோடு

பதில்: போடலாம். உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம், கட்டணம்கூட இல்லை. ஜெயிப்பீர்களா என்பது வேறு.

மரியாதைக் குறைவு, இழுத்தடிப்பு, புராஜெக்ட் எல்லாம் நஷ்டஈட்டுத் தொகை பேசும்போது ஓரமாக வந்து போகும். ஐந்து லட்சத்தை மறந்துவிடுங்கள். வழக்கு நிற்கப்போவது ஒரே கேள்வியில்: சிப் தானாகப் போனதா, தண்ணீரால் போனதா? குறைபாட்டை நிரூபிக்கும் சுமை புகார்தாரர் மேல்தான் என்று 2021-ல் எஸ்ஜிஎஸ் இந்தியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 'தண்ணீர் என்றவர்கள்தான் அதைக் காட்ட வேண்டும்' என்று உங்கள் பக்கம் வாதாடலாம். அந்த வாதத்தின் காலை ரீபால் ஒடித்துவிட்டது.

அந்தக் கடைக்காரர் சிப்பைச் சூடுகாட்டிப் பெயர்த்து, அடியில் ஒட்டியிருந்த உலோகப் பற்றை, அதாவது சால்டரைச் சுரண்டி, புது உருண்டைகள் வைத்துத் திரும்ப ஒட்டியிருப்பார். சால்டர் ஒட்டப் பூசும் ஃப்ளக்ஸின் பிசுக்கு போகப் போர்டைக் கழுவியும் இருப்பார். தண்ணீர்க் கறை இருந்ததா இல்லையா என்பது அதோடு போயிற்று. 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-வது பிரிவுப்படி ஆணையம் பொருளை சீல் வைத்து ஆய்வுக்கு அனுப்பும், அதற்கான கட்டணத்தை நீங்கள்தான் கட்டுவீர்கள். 'போர்டில் வெளியாள் கை பட்டிருக்கிறது, முதல் கோளாறின் காரணத்தைச் சொல்ல இயலாது' என்று அறிக்கை வரும். அந்த ஒரு வரியில் கவிழ்ந்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எல்லோருமே நியாயமான கோபக்காரர்கள்தான்.

'ரீபால் செய்ததும் ஓடியதே, அப்படியானால் சால்டர் கோளாறுதானே' என்பீர்கள். சாகக் கிடக்கும் சிப்கூடச் சூடு பட்டதும் சில நாள் பிழைத்துக் கிடக்கும். ரிப்பேர் கடைக்காரர்களுக்கு இது தெரியும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் தெரியும். அடுத்தவர் லேப்டாப் போனதும் உங்களுக்குச் சாட்சி ஆகாது. 2008-ல் கிராபிக்ஸ் சிப் நிறுவனமான என்விடியா, தன் லேப்டாப் சிப்களின் பேக்கேஜிங்கில் (சிப்பைப் பொதிந்திருக்கும் கூட்டில்) பலவீனம் என்று தானே அறிவித்து, பழுதுச் செலவுக்கு 19.6 கோடி டாலர் ஒதுக்கியது. அப்படி ஓர் ஒப்புதல் உங்கள் மாடலுக்கு உண்டா? அமெரிக்காவில் அந்தச் சிப்களுக்காகப் போட்ட வழக்கே சமரசத்தில்தான் முடிந்தது.

உங்களிடம் மிச்சம் இருப்பது ஜாப் ஷீட், அதாவது சர்வீஸ் சென்டரில் கோளாறை எழுதிக் கொடுத்த சீட்டு. லேப்டாப்பைக் கொடுத்த அன்று எழுதியதில் 'நோ டிஸ்ப்ளே' என்று மட்டும் இருந்து, தண்ணீர் பிற்பாடு முளைத்திருந்தால் பிடித்துக்கொள்ள ஒரு நூல் உண்டு. உள்ளே எடுத்த போட்டோ எதையும் அவர்கள் காட்டவில்லை என்றால் இன்னும் நல்லது. ரீபால் கடையில் தேதி போட்ட பில் இருக்கிறதா? இல்லையென்றால், எங்களிடம் வரும் முன்பே பிரித்துவிட்டார்கள் என்று நிறுவனம் கூசாமல் சொல்லும்.

பாதி விலைக்கு ஒத்துக்கொள்ளுங்கள். ஜாப் ஷீட் நகலை இணைத்துப் பதில் மெயில் போட்டு, 21,000-ஐ இன்னும் கொஞ்சம் குறைக்கப் பாருங்கள். குறைக்காவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். புதிய போர்டுக்கு எத்தனை மாத வாரன்டி என்பதை மட்டும் எழுத்தில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். டெலிவரி எடுக்கும்போது அங்கேயே ஒரு கேமை அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். 'எல்லாக் கோரிக்கையும் தீர்ந்தது' என்று அச்சடித்த தாளை நீட்டுவார்கள். 'புதிய போர்டின் வாரன்டி நீங்கலாக' என்று உங்கள் கையால் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டு, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.