ரேடியோவில் ஓடிய விளையாட்டுப் பேச்சு நிகழ்ச்சி பாட்காஸ்ட்டாக மாறியபோது என்ன மாறியது?

கேள்வி: பல வருஷம் நேரலை ரேடியோவில் ஓடிவிட்டுப் பிறகு பாட்காஸ்ட் ஆன விளையாட்டு நிகழ்ச்சி எதையாவது இரண்டு வடிவத்திலும் கேட்டிருக்கிறீர்களா? என்ன வித்தியாசம்?

கேட்டிருக்கிறேன். நிகழ்ச்சி நடப்பது அமெரிக்காவின் மயாமியில். நான் கேட்டது தென்னாப்பிரிக்காவின் டர்பனில், அதுவும் பாதி நாள் மாமனார் வீட்டுச் சமையலறையில்.

நான் திருநெல்வேலிக்காரன். இங்கே வேலைக்கு வந்து, டர்பனில் இந்தியர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் பெண் எடுத்து, இங்கேயே தங்கிவிட்டேன். வேலைக்காக அடிக்கடி ரிச்சர்ட்ஸ் பே வரை கார் ஓட்ட வேண்டும். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம், இருபுறமும் கரும்பு. மச்சான் மயாமி ஹீட் கூடைப்பந்து அணியின் பைத்தியம். வழித்துணைக்கு இது இருக்கட்டும் என்று அவன் போட்டுக் கொடுத்ததுதான் 'டேன் லெபட்டார்ட் ஷோ வித் ஸ்டுகாட்ஸ்'.

முழுநேரமும் விளையாட்டே பேசும் ரேடியோ என்பது 1987 ஜூலையில் நியூயார்க்கின் டபிள்யூஎஃப்ஏஎன் நிலையத்தில் தொடங்கிய சங்கதி. நேயர் போன் செய்வார், தொகுப்பாளர் எகிறுவார், ஸ்கோர், விளம்பரம், மறுபடி எகிறல். அந்தச் சூத்திரம் நாடெங்கும் பரவியது. மயாமி நிகழ்ச்சி 2004-ல் 790 ஏஎம் என்ற உள்ளூர் அலைவரிசையில் தொடங்கியபோது அந்தச் சூத்திரத்தையே கிண்டல் செய்தது. லெபட்டார்ட் மயாமி ஹெரால்டு பத்திரிகையில் பத்தி எழுதி வந்தவர், யோசித்துப் பேசுகிறவர். ஸ்டுகாட்ஸ் அந்த நிலையத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். எதையும் படிக்காமல் வந்து உட்கார்ந்து கூசாமல் அடித்துவிடும் பாத்திரம். ஆட்டத்தைப் பற்றிப் பேசாமல் அரட்டை அடிக்கிறார்களே என்று யாராவது திட்டினால் ஒரே பதில்தான்: உனக்கு இந்த நிகழ்ச்சி புரியவில்லை.

எனக்கும் முதல் ஒரு மாதம் புரியவில்லை.

2013-ல் இஎஸ்பிஎன் என்ற பெரிய விளையாட்டு ஒளிபரப்பு நிறுவனம் இதை அமெரிக்கா முழுவதற்கும் எடுத்துக்கொண்டது. 2014-ல் கூடைப்பந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் மயாமி ஹீட்டை விட்டு ஓஹையோவுக்குத் திரும்பியபோது, அவருடைய சொந்த ஊரான ஆக்ரனில் லெபட்டார்ட் விளம்பரப் பலகை வைத்தார். மயாமியில் அவர் வென்ற இரண்டு சாம்பியன் மோதிரங்களின் படம், 'நன்றியெல்லாம் வேண்டாம், லெப்ரான்' என்கிற தொனியில் ஒரு வரி, கீழே 'மயாமி' என்று கையெழுத்து. நிறுவனம் அவரை இரண்டு நாள் வீட்டில் உட்கார வைத்தது. இந்தக் குறும்புக்காகத்தான் மச்சான் கேட்டான்.

மாமனார் கேட்டதற்குக் காரணம் வேறு. லெபட்டார்டின் பெற்றோர் கியூபாவை விட்டு வந்தவர்கள். 2011-ல் தொடங்கிய தன் டிவி நிகழ்ச்சியில் அவர் அப்பாவையே பக்கத்தில் உட்கார வைத்தார். ஸ்பானிஷ் வாடை அடிக்கும் ஆங்கிலத்தில் பெரியவர் கேள்விகளை வாசிப்பார், மகன் சிரிப்பார், ஊரே சிரிக்கும்; ஆனால் அவரைப் பார்த்து அல்ல, அவரோடு. மாமனாருக்கு ஓரிரண்டு துண்டு காட்டினேன். "எங்கப்பா பேசினா ரேடியோவுல போடுவானா?" என்றார். அவருடைய அப்பா கரும்புத் தோட்டத்துத் தமிழும் உடைந்த ஆங்கிலமும் ஜூலுவும் கலந்து பேசியவராம். அன்றிலிருந்து அவரும் நேயர்.

அவருக்கு ரேடியோதான் பழக்கம். இந்த நாட்டுக்கு டிவி வந்ததே 1976 ஜனவரியில். அப்போது அவருக்கு 24 வயது. 1983-ல் இந்தியர்களுக்காக ரேடியோ லோட்டஸ் வந்த பிறகு பாட்டுக்கு அது, கிரிக்கெட்டுக்கு வேறு நிலையம். அடுப்பு மேடை மேல் இருக்கும் அந்தப் பெட்டி அணைந்திருந்து நான் பார்த்ததில்லை.

நிகழ்ச்சி பாட்காஸ்ட் ஆனதன் கதை 2019-லேயே ஆரம்பித்துவிட்டது. அந்த ஜூலையில் டிரம்ப் கூட்டத்தில் ஒரு பெண் எம்பியை 'திருப்பி அனுப்பு' என்று கூட்டம் கத்தியது. மறுநாள் லெபட்டார்ட் அதைக் கடுமையாகக் கண்டித்தார். விளையாட்டில் அரசியல் வேண்டாம் என்ற தன் நிறுவனத்தின் கொள்கையையும் சேர்த்துக் கோழைத்தனம் என்றார். இதைக் காரில் கேட்டுவிட்டு வந்து மாமனாரிடம் சொன்னேன். அவர் சொன்ன பதில் பாப்வா செவ்கோலும் கதை. 1963-ல் டர்பனில் நேட்டால் ஓப்பன் கோல்ஃப் போட்டியை வென்றவர் ஓர் இந்தியர். வெள்ளையர் கிளப்புக்குள் அவர் நுழையக்கூடாது என்பதால் வெளியே மழையில் நின்று கோப்பையை வாங்கினார். "விளையாட்டுல அரசியல் இல்லேன்னு சொல்றவன் அன்னிக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவன்" என்றார். எழுபதுகளில் 'முறைகெட்ட சமூகத்தில் முறையான விளையாட்டு இல்லை' என்று கோஷம் போட்டு வளர்ந்த தலைமுறை அது. மயாமிக்காரர் அவருக்கு அன்றே சொந்தக்காரர் ஆகிவிட்டார்.

அப்புறம் நடந்தது வேகமாக நடந்தது. 2020 ஆகஸ்டில் நிகழ்ச்சியின் மூன்று மணி நேரம் இரண்டாகக் குறைந்தது. நவம்பரில் நிறுவனம் 300 பேரை வேலையை விட்டு எடுத்தபோது இவருடைய தயாரிப்பாளர் ஒருவரும் போனார். சொந்தக் காசில், கூடுதல் சம்பளத்தில், லெபட்டார்ட் அவரைத் திரும்ப வைத்துக்கொண்டார். 2021 ஜனவரி 4 அங்கே கடைசி நாள். இஎஸ்பிஎன்னின் முன்னாள் தலைவர் ஜான் ஸ்கிப்பரோடு சேர்ந்து மெடோலார்க் மீடியா என்ற சொந்தக் கடை போட்டார். சில மாதத்தில் டிராஃப்ட்கிங்ஸ் என்ற பந்தய நிறுவனம் மூன்று வருஷத்துக்குக் குறைந்தது 5 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டதாகச் செய்தி வந்தது. இத்தனை பெரிய மேடையை விட்டு இறங்கியும் கூட்டம் கலையாததற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு மணி நேரத்தையும் தனித்தனிக் கோப்பாக ரேடியோ நாளிலேயே இணையத்தில் ஏற்றி வந்தார்கள். என்னைப் போன்றவர்கள் அலைவரிசையை ஒருநாளும் கேட்டதில்லை, ஆட்களைத்தான் கேட்டோம்.

சரி, வித்தியாசத்துக்கு வருகிறேன். ரேடியோவில் கடிகாரம் ஒரு முதலாளி. விளம்பர இடைவேளை வருகிறது என்றால் ஸ்டுகாட்ஸ் உளறலைச் சட்டென்று முடித்தாக வேண்டும், அந்த அவசரத்தில்தான் சிரிப்பே வரும். பாட்காஸ்ட்டில் அந்த முதலாளி இல்லை. முதல் ஆறு மாதம் கல்யாண வீட்டுத் திண்ணைப் பேச்சு மாதிரி இழுத்தார்கள். பிறகு கொஞ்சம் சுதாரித்தார்கள். கெட்ட வார்த்தை கூடியது. மனம்விட்டுப் பேசுவதும் கூடியது.

பந்தயக் காசு எனக்குப் பிடிக்கவில்லை. மாமனார் சிரிக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயத்துக்கு அவரும் இருபது ராண்ட் வைப்பவர்தான். வருஷத்துக்கு ஒருமுறை வைப்பதும், கையிலுள்ள போனில் மணிக்கொரு தடவை வைப்பதும் ஒன்றா என்று கேட்டால் பதில் வராது.

இன்னொன்று டேட்டா. இங்கே ஒரு பெரிய நிறுவனத்தின் 1 ஜிபி விலை 149 ராண்டாக இருந்தது. வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு ஆணையம் அழுத்தம் கொடுத்து 2020 ஏப்ரலில்தான் 99 ஆனது. ரேடியோ பெட்டிக்கு இந்தச் செலவு கிடையாது. அதனால் இரவு என் வீட்டு வைஃபையில் இறக்கி, காலையில் அவர் போனுக்கு மாற்றிக் கொடுப்பேன்.

எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம் மாமா என்று பலமுறை சொல்லிவிட்டேன். மயாமியில் காலை 10 மணி என்றால் இங்கே கோடையை ஒட்டி ஐந்து, மற்ற மாதங்களில் நான்கு. பழைய நேரலை நேரம் அதுதான் என்று எப்போதோ நான் சொன்னதைப் பிடித்துக்கொண்டார். காலையிலிருந்து கோப்பு போனில் இருக்கும், தொடமாட்டார். நான்கு அடித்ததும் டீயை ஆற்றி, சத்தம் கூடுவதற்காகப் போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்தி, அத்தையிடம் "ஆரம்பிச்சிட்டான்" என்று சொல்லிவிட்டு, மயாமிக்காரர்கள் நேற்றுப் போட்ட சண்டையை இன்று கேட்கிறார்.