பேராக் ஆறும் ஊர்ப் பெயர்களும்: வாசகர் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள தெலுக் இந்தான் தோட்டப்புற வாசகர்கள் இந்த முறை பேராக் ஆற்றைப் பற்றியே கேட்டிருக்கிறார்கள்.

கே: ஐயா, தெலுக் என்றால் வளைகுடாதானே? நம்ம ஊரில் கடலே இல்லையே!

ப: ஆறு பெரிதாக வளையும் இடத்தையும் மலாய்க்காரர்கள் தெலுக் என்பார்கள். வரைபடத்தைப் பாருங்கள். பேராக் ஆறு நேரே கடலுக்குப் போகாமல் ஊரை ஒட்டி ஒரு பெரிய வளைவு போடுகிறது. கடலிலிருந்து கப்பல் உள்ளே வர முடிந்ததால் இது துறைமுகமாகவும் இருந்தது. 1893இல் தாப்பா ரோடு என்ற ஊரிலிருந்து ரயில் பாதையும் வந்தது. ஆங்கிலேயர் வைத்த தெலுக் ஆன்சன் என்ற பெயர் 1982இல்தான் தெலுக் இந்தான் ஆனது. வீட்டுப் பெரியவர்கள் இன்னும் பழைய பெயரைச் சொன்னால் திருத்த வேண்டாம். அவர்கள் பிறப்புப் பத்திரத்திலும் அதுதான் இருக்கும்.

கே: 'பேராறு' என்ற தமிழ்ச் சொல்தான் பேராக் ஆனதாமே?

ப: கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் சான்று ஆகாது. மலாயில் பேராக் என்றால் வெள்ளி. கம்போடியாவின் கெமர் மொழியிலும் வெள்ளிக்கு 'ப்ராக்' என்றே சொல்கிறார்கள். இங்கே கிடைத்த வெள்ளீயத்தின் வெள்ளி மினுமினுப்பால் வந்த பெயர் என்று சொல்பவர்கள் உண்டு. தமிழுக்குப் பெருமை சேர்க்கப் பொய்யான வேர் தேவையில்லை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.

கே: ஆறு எங்கே தொடங்குகிறது?

ப: வடக்கே, தாய்லாந்து எல்லையை ஒட்டிய மலைகளில். அங்கிருந்து தெமெங்கோர் அணை, 1930இல் கட்டி முடித்த செண்டெரோ அணை, கோலகங்சார் எல்லாம் தாண்டி, பாகான் டத்தோ பக்கம் மலாக்கா நீரிணையில் கலக்கிறது. நீளம் 400 கிலோமீட்டருக்கு நெருக்கம். தீபகற்பத்தில் பகாங் ஆறு மட்டுமே இதைவிட நீளம்.

கே: கோலா என்றால் ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரம்தானே? கோலகங்சாரும் கடலோரம் இல்லையே?

ப: சிற்றாறு பெரிய ஆற்றில் விழும் இடமும் கோலாதான். அங்கே கங்சார் ஆறு பேராக்கில் சேர்கிறது. கோலாலம்பூரும் அப்படித்தான்: கொம்பாக்கும் கிள்ளானும் கூடும் இடம்.

கே: பெர்னாம் ஆறு இதன் கிளையா?

ப: இல்லை, அது தனி ஆறு, தானாகவே கடலுக்குப் போகிறது. பேராக் மாநிலத்துக்கும் சிலாங்கூர் மாநிலத்துக்கும் எல்லை அதுதான். ஊத்தான் மெலிந்தாங் வழியாகச் சபாக் பெர்னாம் போகிறவர்களுக்கு, பாலத்தைத் தாண்டினால் சிலாங்கூர்.