எஃப்டியை உடைத்துக்கொண்டு அட்லாண்டா போகலாமா?

கேள்வி: ஓய்வு பெற்ற அரசு ஊழியர், வயது 66, ஊர் கோவை. மகன் அட்லாண்டா பக்கத்தில் ஆல்ஃபரெட்டாவில் இருக்கிறான். ஏப்ரல் கடைசியில் நானும் மனைவியும் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வரப்போகிறோம். விமான டிக்கெட் மகன் செலவு. ஊர் சுற்ற, கடைக்குப் போக, வெளியே சாப்பிட என்று ஒவ்வொன்றுக்கும் அவனிடம் கை நீட்டக் கூச்சமாக இருக்கிறது. எஃப்டியை உடைத்து 4 லட்சம் கொண்டுபோகலாம் என்று இருக்கிறேன். சரியா? நோட்டாகக் கொண்டுபோகவா, கார்டிலா? அங்கே தங்கம் வாங்கலாமா என்று மனைவி கேட்கிறார். பென்ஷன் மாதம் 42,000. சீனியர் சிட்டிசன் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம் போட்டிருக்கிறேன். இருவரும் சைவம், எனக்குச் சர்க்கரை உண்டு.

பதில்: எஃப்டியைத் தொடாதீர்கள் சார். முதிர்வுக்கு முன்பு உடைத்தால் பெரும்பாலான வங்கிகள் அரை முதல் ஒரு சதவீதம் வரை வட்டியைக் குறைத்துவிடும். அதைவிட முக்கியம், உங்களுக்கு அந்தப் பணம் தேவையே இல்லை. நீங்கள் மூன்று மாதம் கோவையில் இருக்கப் போவதில்லை. பால், காய்கறி, கேஸ், பெட்ரோல் எதுவும் கிடையாது. ஆனால் பென்ஷன் மட்டும் மாதாமாதம் வந்து விழும். மின்கட்டணம், வேலைக்கார அம்மா சம்பளம் என்று 8,000 போனாலும் மாதம் 34,000 மிச்சம், மூன்று மாதத்துக்கு 1,02,000. சீனியர் சிட்டிசன் திட்டத்தில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு போட்டது என்றால் 8.2 சதவீதம், அதாவது காலாண்டுக்கு 30,750. ஏப்ரல் 1-ம் தேதி ஒரு தவணை, ஜூலை 1-ம் தேதி இன்னொன்று, ஆக 61,500. மொத்தம் 1,63,500. இதற்குள்ளேயே எல்லாம் முடியும். எப்படி என்று சொல்கிறேன்.

அட்லாண்டாவில் பார்க்க வேண்டியவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த இடத்துக்குக் கட்டணமே இல்லை. ஆபர்ன் அவென்யூவில் மார்ட்டின் லூதர் கிங் பிறந்து வளர்ந்த தெருவையே தேசியப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள். அவர் பிரசங்கம் செய்த பழைய எபனேசர் தேவாலயம், நீர்த்தொட்டி நடுவே அவரும் மனைவி கொரெட்டாவும் அடக்கமான கல்லறை, எல்லாம் இலவசம். வாசல் பக்கம் கைத்தடியோடு நம் காந்தி சிலையாக நிற்பார். 1959-ல் கிங் இந்தியா வந்துபோன கதை தெரிந்தால் அந்தச் சிலை அங்கே ஏன் இருக்கிறது என்பது புரியும். அரை நாள் ஒதுக்குங்கள். 1996 ஒலிம்பிக்ஸுக்காக அமைத்த சென்டென்னியல் பார்க்கும் இலவசம், மாலையில் பீட்மான்ட் பார்க்கில் நடப்பதும் இலவசம். ரிவர்டேலில் பாலாஜி கோயில், லில்பர்னில் சுவாமிநாராயண் கோயில் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை மகனே காரில் கூட்டிப்போவான்.

காசு கொடுத்துப் பார்க்க வேண்டியது ஜார்ஜியா அக்வேரியம். திமிங்கலச் சுறா தலைக்கு மேலே நீந்திப் போவதை வேறு எங்கே பார்க்கப் போகிறீர்கள்? டிக்கெட் விலை நாளுக்கு நாள் மாறும், அதனால் வார நாளாகப் பார்த்து முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்கச் சொல்லுங்கள். அதற்குப் பக்கத்திலேயே கோக கோலா அருங்காட்சியகம் இருக்கிறது. 1886-ல் அந்தப் பானம் பிறந்த ஊர் இதுதான் என்பதால் எல்லோரும் இழுத்துக்கொண்டு போவார்கள். ஆனால் அங்கே சுவாரசியமே கடைசியில் வரும் கூடம்தான், உலகத்து கோலா, சோடா எல்லாவற்றையும் வேண்டிய மட்டும் பிடித்துக் குடிக்கலாம். சர்க்கரைக்காரருக்கு அந்த டிக்கெட் எதற்கு? அந்தக் காசைத் தாவரவியல் பூங்காவில் போடுங்கள். நான்கைந்து இடங்களைச் சேர்த்து ஒரே பாஸாக விற்பார்கள், ஒன்பது நாளைக்குள் பார்த்து முடிக்க வேண்டும். மூன்று நாள் சுற்றுலா வருகிறவருக்கு அது லாபம், மூன்று மாதம் இருக்கிற உங்களுக்கு வேண்டாம்.

போக்குவரத்துக்கு மார்ட்டா என்ற அந்த ஊர் நகர ரயில். மகன் வேலைக்குப் போகும்போது உங்களை நார்த் ஸ்பிரிங்ஸ் ஸ்டேஷனில் இறக்கிவிட்டால் போதும். ஒரு முறை பயணத்துக்கு 2.50 டாலர், இருவரும் போய்வர 10 டாலர். அக்வேரியம் பக்கம் போகப் பீச்ட்ரீ சென்டரில் இறங்குங்கள். ஸ்டேஷன் பாறையைக் குடைந்து ஆழத்தில் இருக்கிறது, சுவரே வெட்டிய பாறைதான். அங்கிருந்து மேலே வரும் நகரும் படிக்கட்டு முடியவே முடியாதோ என்று தோன்றும். மனைவிக்கு முழங்கால் வலியோ தலைசுற்றலோ இருந்தால் லிஃப்ட்டில் ஏற்றிவிடுங்கள். இன்னொன்று, அந்த ஊரில் பீச்ட்ரீ என்ற பெயரில் ஏகப்பட்ட சாலைகள் உண்டு. விலாசத்தை முழுசாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், வெறும் பீச்ட்ரீ என்று டாக்ஸியில் சொன்னால் வேறெங்கோ போய் நிற்பீர்கள், அதற்கும் டாலர்தான்.

சரி, சாப்பாடு. பட்ஜெட் ஓட்டையாவது இங்கேதான். மெனுவில் இருக்கும் விலை நீங்கள் கட்டப்போகும் விலை இல்லை. இருவரும் 40 டாலருக்குச் சாப்பிட்டால் அட்லாண்டா நகருக்குள் விற்பனை வரி 8.9 சதவீதம், அது 3.56. டிப்ஸ் 20 சதவீதம் என்றால் 8. ஆக 51.56. டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 4,640 ரூபாய். டிப்ஸ் கொடுக்காமல் வரலாமா என்று கேட்காதீர்கள். டிப்ஸ் வாங்கும் பணியாளருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய குறைந்தபட்சக் கூலி அங்கே மணிக்கு 2.13 டாலர்தான், மீதியை நாம் கொடுப்போம் என்றே அந்த ஏற்பாடு. ஆனால் கவுன்டரில் நாமே போய் எடுத்துக்கொள்ளும் கடையில் கட்டாயமில்லை. போன தடவை ஒரு கடையில் தண்ணீர் பாட்டில் ஒன்று வாங்கினேன், அந்தப் பையன் டேப்லெட்டை என் பக்கம் திருப்பினான், 18, 20, 25 என்று மூன்று பெரிய பொத்தான்கள். 'நோ டிப்' என்பது கீழே எறும்பு எழுத்தில். பின்னால் வரிசை நிற்கிறதே என்று வெட்கப்பட்டு 20-ஐ அமுக்கிவிட்டேன். நிதி ஆலோசகன்! நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

சைவம் என்றீர்கள். தெற்கத்திய உணவகங்களில் வெஜிடபிள் பிளேட் என்று ஒன்று இருக்கும், பார்த்தவுடன் ஆர்டர் செய்துவிடாதீர்கள். கீரையையும் பீன்ஸையும் பன்றி இறைச்சித் துண்டு போட்டு வேகவைப்பது அந்த ஊர்ப் பழக்கம். இறைச்சி இல்லாமல் எது இருக்கிறது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மக்ரோனியும் சீஸும் அவர்கள் பட்டியலில் காய்கறி வகையில் வரும், சிரிக்காதீர்கள். டீ கேட்டால் ஐஸ் போட்ட சர்க்கரைப் பாகு வரும், 'அன்ஸ்வீட்' என்று சொல்ல மறக்க வேண்டாம். பன்ஸ் சிட்டி மார்க்கெட் போனால் சியர்ஸ் என்ற பெரிய கடை நிறுவனத்தின் பழைய கட்டடத்துக்குள் விதவிதமான கடைகள், ஒரு தட்டு வாங்கி இருவரும் பகிர்ந்து சாப்பிடலாம், விலை கொஞ்சம் கூடத்தான். டெகேட்டர் பக்கம் போனால் நம் ஊர்ச் சாப்பாடு கிடைக்கும். ஆனால் அதைத்தான் வீட்டில் மருமகள் செய்கிறாரே.

ஒன்று மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது டாலரை 90-ஆல் பெருக்காதீர்கள், ஒரு வாய்கூட இறங்காது. கடையில் பொருள் வாங்கும்போது கட்டாயம் பெருக்குங்கள், வரியையும் சேர்த்து. மகன் டாசன்வில் அவுட்லெட்டுக்குக் கூட்டிப்போவான், 70 சதவீதம் தள்ளுபடி என்று பலகை கண்ணைப் பறிக்கும். அங்கே நான் ஆசையாக எடுத்த டி-ஷர்ட்டின் கழுத்துப் பட்டையைத் திருப்பிப் பார்த்தால் மேட் இன் இந்தியா. கோவைக்காரர், திருப்பூர் உங்களுக்கு ஒரு மணி நேரம். சுற்றுலாப் பயணிக்கு வரியைத் திருப்பித் தருவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தில் அது கிடையாது.

இப்போது கணக்கு. எட்டு முறை வெளியே போவதாக வைத்தால் ரயிலுக்கு 80 டாலர், டிக்கெட்டுகளுக்கு 200, எட்டு சாப்பாட்டுக்கு 415, கடைக்கு 400. சுமார் 1,100 டாலர், 99,000 ரூபாய். அதில் ஒரு சாப்பாடு மகன் குடும்பத்துக்கு நீங்கள் வாங்கிக்கொடுப்பதாக இருக்கட்டும், கூச்சம் போய்விடும்.

பணத்தை ஃபாரெக்ஸ் கார்டில் டாலராக ஏற்றிக்கொள்ளுங்கள், 250 டாலர் மட்டும் சில்லறை நோட்டாக. சாதாரண கிரெடிட் கார்டில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் மார்க்கப் என்று கூடுதல் கட்டணம், அதன்மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆயிரம் டாலருக்கு 41 டாலர் சும்மா போகும். ஒருவேளை கிரெடிட் கார்டைத் தேய்த்து, மெஷின் 'ரூபாயிலா டாலரிலா' என்று கேட்டால் டாலர் என்றே அமுக்குங்கள். ரூபாய் என்றால் அவர்கள் வைத்ததே விலை. வெளிநாட்டுக்கு எடுத்துச்செல்லும் பணத்துக்கு டிசிஎஸ் என்று முன்கூட்டியே வரி பிடிப்பார்களா என்ற பயமும் வேண்டாம், நிதியாண்டுக்கு 10 லட்சம் வரை இல்லை.

மிச்சம் 64,500 இருக்கிறதே, அது மருத்துவக் காப்பீட்டுக்கு. இதை நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். கோவையில் நீங்கள் வைத்திருக்கும் மெடிக்ளைம் பெரும்பாலும் அங்கே செல்லாது. ஒரு லட்சம் டாலருக்குக் குறையாமல், முன்பே இருக்கும் நோயால் வரும் திடீர் அவசரத்துக்கும் பணம் தரும் பாலிசியாக எடுங்கள். விண்ணப்பத்தில் சர்க்கரையை மறைக்காதீர்கள், மறைத்தால் கிளெய்ம் அன்றைக்குப் பல்லிளிக்கும். மூன்று மாத மாத்திரையை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள்.

தங்கம்? வேண்டாம் என்று அம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். டெகேட்டரில் நகைக்கடைகள் உண்டு, ஆனால் அங்கே விற்பனை வரி 8 சதவீதம், நம் ஊரில் நகைக்கு ஜிஎஸ்டி 3 சதவீதம்தான். திரும்பி வரும்போது நகைக்குக் கிடைக்கும் சுங்கச் சலுகை ஒரு வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்கு, மூன்று மாதம் போய்வருகிறவர்களுக்கு இல்லை. இங்கிருந்து போட்டுக்கொண்டு போகும் வளையலுக்கும் சங்கிலிக்கும் வெளிநாட்டு விமானம் ஏறும் முன்பு அந்த விமான நிலையத்துச் சுங்க அதிகாரியிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிவிடுங்கள், திரும்பும்போது அங்கே வாங்கியது என்று வரி கேட்காமல் இருக்க. அதற்காக அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப வேண்டியிருக்கும்.