பழ ஈக் கருவும் பாலிகோம்ப் புரதங்களும்: கேள்வி-பதில்

கேள்வி: ஓர் ஆண் ஈயின் இரண்டாவது ஜோடிக் காலிலும் சீப்பு முட்கள் தெரிகின்றன. பாலிகோம்ப் மரபணு கெட்ட ஈ, அதாவது பாலிகோம்ப் மியூட்டன்ட், என்று குறித்துக்கொள்ளலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முன்காலில் மட்டும் இருக்க வேண்டிய சீப்பு பின்கால்களில் வந்தால் பாலிகோம்ப் மேல் சந்தேகம் வருவது சரிதான், பெயரே அதிலிருந்துதான் வந்தது. ஆனால் அதே குழுவின் வேறு மரபணுக்கள் கெட்டாலும், முன்காலுக்கு அடையாளம் தரும் எஸ்.சி.ஆர். மரபணு வேண்டாத காலில் இயங்கினாலும் இதே காட்சிதான். கலப்பு செய்து பார்த்த பிறகு பெயர் வையுங்கள்.

கேள்வி: பாலிகோம்ப் புரதம் மற்ற மரபணுக்களை அடக்குவது ஆர்.என்.ஏ. இடையீடுதானே?

பதில்: இல்லை. அது தூது ஆர்.என்.ஏ.வை அழிக்கும். பாலிகோம்ப், டி.என்.ஏ.வும் புரதங்களும் சேர்ந்த குரோமாட்டினிலேயே மரபணுவை அடக்கி வைக்கும்.

கேள்வி: பாலிகோம்ப் புரதம் கருவை 14 கண்டங்களாக (உடல் துண்டுகளாக) பிரிப்பது எப்படி?

பதில்: பிரிப்பதே இல்லை! இந்தக் கேள்வி ஓயாமல் வருகிறது. தேர்வுக் குறிப்புகளில் யாரோ ஒருவர் எழுதிவைத்ததை எல்லோரும் நகலெடுக்கிறார்கள் போலிருக்கிறது.

பிரிப்பது வேறு கூட்டம். தாய் முட்டையில் வைத்த பைகாய்ட், அப்புறம் ஹன்ச்பேக், க்ருப்பல், நிர்ப்ஸ் போன்ற இடைவெளி மரபணுக்கள், பிறகு ஏழு பட்டைகளாக ஈவன்-ஸ்கிப்டு, கடைசியில் 14 பட்டைகளாக எங்ரெயில்டு. 25 டிகிரியில் முதல் நாலு மணி நேரத்துக்குள் இந்த வேலை ஏறக்குறைய முடிந்துவிடும். கண்டத்துக்கு அடையாளம் தருபவை ஹாக்ஸ் மரபணுக்கள்; எந்தக் கண்டத்தில் எந்த ஹாக்ஸ் மரபணு இயங்கக் கூடாது என்பதையும் இவர்களே முடிவு செய்கிறார்கள். உதாரணமாக, முன்பகுதியில் அல்ட்ராபைதோராக்ஸ் என்ற ஹாக்ஸ் மரபணுவை அடக்குவது ஹன்ச்பேக்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் புரதங்கள் சீக்கிரம் மறைந்துவிடும். ஈயோ இன்னும் பத்து நாள் வளர வேண்டும். அணைத்ததை அணைத்தபடியே, செல் பிரியப் பிரிய வைத்திருப்பதுதான் பாலிகோம்ப் குழுவின் வேலை. வரப்பு போட்டவர் போய்விட்டார், இவர் காவல்காரர். பாலிகோம்ப் இல்லாத கருவிலும் அல்ட்ராபைதோராக்ஸ் முதலில் சரியான இடத்தில்தான் தொடங்கும். சில மணி நேரம் கழித்துத்தான் எல்லை மீறும்.

சந்தேகம் இருந்தால் மியூட்டன்ட் கருவின் தோலைப் பாருங்கள். கண்டங்கள் இருக்கும், ஆனால் பெரும்பாலானவை எட்டாவது வயிற்றுக் கண்டத்தின் சாயலுக்கு மாறியிருக்கும். மரபியலாளர் எட் லூயிஸ் 1978-இல் இதை வைத்துத்தான் பாலிகோம்ப் ஓர் அடக்கி என்று சொன்னார். கண்டம் எத்தனை என்பது வேறு, எந்தக் கண்டம் என்பது வேறு.

கேள்வி: பாலிகோம்ப் குழுவைச் சேர்ந்த ஈ.எஸ்.சி. மரபணு கெட்ட என் மியூட்டன்ட் கருக்கள் நன்றாகவே வளர்கின்றன. அப்படியானால் அந்த மரபணு தேவையற்றதா?

பதில்: தாய் ஈ எது? அதை எழுதாமல் பதில் கேட்டால் நான் எங்கே போவது? தாயிடம் ஒரு நல்ல பிரதி இருந்தால் முட்டையிலேயே போதுமான சரக்கு வந்துவிடும். கரு பிழைத்து, வளர்ந்த ஆணின் கால்களில் கூடுதல் சீப்பு வருவதோடு நின்றுவிடும். தாய்க்கும் இல்லை, தந்தையிடமிருந்தும் வரவில்லை என்றால்தான் கண்டங்கள் மொத்தமும் எட்டாவதைப் போல ஆகும்.

கேள்வி: டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் எச்3 புரதத்தின் 27-ஆம் இடத்து லைசின் அமினோ அமிலத்தில் மூன்று மெத்தில் குழு ஒட்டுவது காரணமா, வெறும் அடையாளமா?

பதில்: காரணம்தான். ஒட்டுவது பாலிகோம்ப் குழுப் புரதங்களின் பி.ஆர்.சி.2 கூட்டணியில் உள்ள ஈ(இசட்) நொதி. ஈயில் ஹிஸ்டோன் மரபணுக்கள் சுமார் 100 பிரதி ஒரே இடத்தில் இருப்பதால், மொத்தத்தையும் எடுத்துவிட்டு 27-இல் லைசினுக்குப் பதில் ஆர்ஜினைன் என்ற வேறு அமினோ அமிலம் உள்ளதை வைக்க முடிந்தது. 2013-இல் செய்தார்கள். நொதி இல்லாதபோது என்ன ஆகுமோ, அதேபோல் ஹாக்ஸ் அடக்கம் கலைந்தது.

கேள்வி: என் கருக்களில் எல்லை மீறலே தெரியவில்லை. 18 டிகிரியில் வைத்து ஆறு மணி நேரத்தில் பார்த்தேன்.

பதில்: 18 டிகிரியில் வளர்ச்சி ஏறக்குறைய பாதி வேகம். உங்கள் ஆறு மணி, மற்றவர்களுடைய மூன்று மணி. இன்னும் அத்தனை நேரம் விட்டுப் பாருங்கள். தாய் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.