நூறு கிலோமீட்டர் தாண்டினால் தொடை பிடிக்கிறது, உப்பு மாத்திரை வாங்கலாமா?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு வயது 47. ஞாயிறு காலையில் 60, 70 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுவது அவருக்குப் பெரிய விஷயமில்லை. தீவைச் சுற்றி வரும் 130 கிலோமீட்டர் சவாரிக்குப் போனால்தான் வில்லங்கம். 100ஐத் தாண்டியதும் முதலில் உள்தொடை, அப்புறம் பின்தொடை, கடைசியில் இரண்டு காலும் மரக்கட்டையாகி ரோட்டோரப் புல்லில் உட்கார வேண்டியிருக்கிறது. கூட ஓட்டும் ஒருவர் உப்பு மாத்திரையும் மெக்னீசியம் ஸ்பிரேயும் விற்கிறாராம். அதை வாங்கலாமா, ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவதால் ஏதும் ஆகுமா, மலேசியாவின் ஜொகூரில் 200 கிலோமீட்டர் ஆடாக்ஸ் (பந்தயமல்ல, குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சவாரி) ஓட்ட ஆசை, பெயர் கொடுக்கலாமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறார்.

வாங்காதீர்கள். முதல் கேள்விக்கு அவ்வளவுதான் பதில், ஆனால் காரணம் சொல்லாமல் விட்டால் அடுத்த வாரம் வேறொருவர் வேறொரு டப்பாவோடு வருவார்.

தசைக்கு "இறுக்கு" என்று சொல்லும் நரம்புச் சமிக்ஞையும் "போதும், விடு" என்று சொல்லும் சமிக்ஞையும் எப்போதும் சேர்ந்தேதான் வேலை செய்கின்றன. தசை களைத்துப்போகும்போது முதலாவது ஓங்கி, இரண்டாவது மங்கிவிடுகிறது. பிரேக் தேய்ந்த வண்டி மாதிரி, இறுக்கியது இறுக்கியபடியே நிற்கிறது. நீட்டி நிற்காமல் சுருங்கிய நிலையிலேயே மணிக்கணக்காக வேலை செய்யும் தசைக்கு இது சீக்கிரம் வரும், சைக்கிளில் பின்தொடைக்கும் கெண்டைக்காலுக்கும் அதுதானே பிழைப்பு. உப்பும் தண்ணீரும் குறைந்ததால்தான் பிடிக்கிறது என்ற கதை ரொம்பப் பழையது, சுரங்கத்திலும் கப்பல் கொதிகலன் அறையிலும் வெந்து வேலை செய்தவர்களைப் பார்த்து எழுதிய காலத்திலிருந்து வருகிறது. அதில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் 2011ல் வெளியான ஓர் ஆய்வில், தென்னாப்பிரிக்காவில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த அயர்ன்மேன் போட்டிக்கு வந்தவர்களைப் பரிசோதித்தபோது, தசை பிடித்தவர்களுக்கும் பிடிக்காதவர்களுக்கும் உடலில் நீர் குறைந்த அளவில் பெரிய வித்தியாசம் இல்லை. பிடித்தவர்கள் வேகமாகப் போயிருந்தார்கள், முன்பும் பிடித்த பழக்கம் உள்ளவர்களாக இருந்தார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் கடிதத்திலேயே இதற்கு விடை இருக்கிறது. 70 வரை ஒன்றுமில்லை, 100ல் பிடிக்கிறது. 70க்குப் பழகிய காலிடம் 130 கேட்கிறீர்கள், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வேகத்தைவிடக் கூடுதலாக. குழுவோடு போகும்போது இந்த ஊரில் என்ன நடக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். 2022லிருந்து ஒற்றை வரிசை என்றால் ஒரு குழுவில் ஐந்து பேர்தான் போகலாம். சிக்னல் விழுந்து முன்னால் போனவர்கள் தப்பிவிட, பின்னால் நின்றவர் பச்சை விழுந்ததும் கனமான கியரிலேயே எழுந்து நின்று மிதித்துத் துரத்துகிறார், அடுத்த சிக்னலில் அவர்களைப் பிடித்து மூச்சு வாங்குகிறார், மறுபடி பச்சை. சாங்கி பக்கம் நீளமான ரோட்டில் இது தெரியாது. உட்லண்ட்ஸ், ஜூரோங் என்று வரும்போது சிக்னலுக்குச் சிக்னல் ஒரு குட்டிப் பந்தயம். அந்தப் பந்தயங்களுக்கான கணக்கைத்தான் உங்கள் பின்தொடை 100வது கிலோமீட்டரில் தீர்க்கிறது.

சரி, அந்த டப்பா. சவாரிக் குழுக்களின் வாட்சாப்பில் இப்போது பாதிக்குப் பாதி வியாபாரம். ஒருவர் தள்ளுபடிக் குறியீடு அனுப்புவார், நீங்கள் வாங்கும் ஒவ்வொரு டப்பாவுக்கும் அவருக்குக் கமிஷன், அதை மட்டும் சொல்ல மாட்டார். பிடித்தால் "அளவு போதவில்லை, இரண்டு மாத்திரை போடுங்க" என்பார், பிடிக்காவிட்டால் "பார்த்தீங்களா" என்பார். எப்படிப் போனாலும் ஜெயிக்கிற ஆட்டம். கேட்டால் "இது சிங்கப்பூரில் அங்கீகரித்த பொருள்" என்று கூசாமல் சொல்வார்கள். இங்கே சத்து மாத்திரை வகையறாக்களை விற்பதற்கு முன்னால் சுகாதார அறிவியல் ஆணையம் ஒவ்வொன்றாகப் பரிசோதித்து அனுமதி தருவதில்லை. பாதுகாப்புக்கு விற்பவர்தான் பொறுப்பு, பிரச்சினை வந்தால் ஆணையம் நடவடிக்கை எடுக்கும். அதாவது உங்களுக்கு ஏதாவது ஆன பிறகு. இந்த ஏற்பாட்டைக் கேட்டு எனக்கு எரிச்சல் வராத நாளில்லை, ஆனால் சட்டம் அதுதான், ஆகவே டப்பாவில் அச்சடித்திருப்பதை எல்லாம் யாரோ சரிபார்த்திருப்பார்கள் என்று நம்பிக்கொண்டிருக்காதீர்கள்.

மெக்னீசியம் ஸ்பிரே தோலில் அடித்தால் சவாரிப் பிடிப்பு நிற்கும் என்பதற்கு நம்பும்படியான சான்று கிடையாது. வயதானவர்களுக்கு ராத்திரியில் வரும் கால்பிடிப்புக்கு மெக்னீசியம் மாத்திரையைக் கொடுத்துப் பார்த்ததிலேயே சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. வாழைப்பழம் சாப்பிடுங்கள், நல்லது, மாவுச்சத்துக்காக. பொட்டாசியம் போய்ச் சேர்ந்து காலை அவிழ்த்துவிடும் என்று நடுரோட்டில் காத்திருக்க வேண்டாம். "வியர்வைப் பரிசோதனை" என்று நூற்றுக்கணக்கில் வெள்ளி வாங்கி, கடைசியில் தங்கள் உப்புப் பொட்டலத்தையே எழுதிக்கொடுக்கும் இடங்களும் உண்டு, அங்கே போகிற காசுக்கு இரண்டு நல்ல டயர் வாங்கலாம்.

ஒன்றை மட்டும் ஏளனம் செய்ய மாட்டேன். காடியில் (வினிகரில்) ஊறவைத்த காய்களின் தண்ணீரை ஒரு மடக்குக் குடித்தால் பிடிப்பு சீக்கிரம் விடுகிறது. 2010ல் வெளியான ஆய்வில், கால் கட்டைவிரல் தசைக்குப் போகும் நரம்பில் மின்சாரம் கொடுத்துப் பிடிப்பை வரவழைத்து, ஒரு தடவை வெறும் தண்ணீரும் ஒரு தடவை இந்தக் காடித் தண்ணீரும் கொடுத்துப் பார்த்தார்கள். காடித் தண்ணீருக்கு ஒன்றரை நிமிடத்துக்குள் விட்டது, வெறும் தண்ணீருக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆனது. உப்பு ரத்தத்தில் கலக்கவே அந்த நேரம் போதாது. தொண்டையில் படும் புளிப்பு நரம்பு வழியாக ஏதோ செய்கிறது என்றுதான் நினைக்கிறார்கள். காப்பிக்கடையில் நூடுல்ஸோடு வைக்கும் பச்சைமிளகாயின் காடித் தண்ணீரைச் சின்ன பாட்டிலில் எடுத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள், செலவில்லாத வைத்தியம், தாராளமாகச் செய்யலாம். நம் வீட்டு எண்ணெய் ஊறுகாய் வேறு, அதைச் சவாரி நடுவில் தின்றால் வயிறுதான் எரியும்.

பிடித்துவிட்டால் செய்ய வேண்டியது நீட்டி நிறுத்துவது, வேறெதுவும் அதைவிட வேகமாக வேலை செய்யாது. இழுப்பு ஆரம்பிக்கும்போதே இலேசான கியருக்கு மாறி, கை காட்டி, இடது ஓரம் வந்துவிடுங்கள். செருப்பு பெடலோடு மாட்டிக்கொள்ளும் கிளிப் பெடல் வைத்திருப்பவர்கள் இங்கேதான் விழுகிறார்கள். பின்தொடை பிடித்த காலின் குதிகாலை வெளிப்பக்கம் திருப்பிக் கழற்றப் போனால் பிடிப்பு இரட்டிப்பாகும், ஆகவே பிடிக்காத காலை முதலில் கழற்றி அதை ஊன்றுங்கள். அப்புறம் பிடித்த காலை நேராக நீட்டி, குதிகாலைத் தரையில் வைத்து, முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். உள்தொடை என்றால் காலைப் பக்கவாட்டில் அகட்டி எதிர்ப்பக்க முழங்காலை மடக்குங்கள். கெண்டைக்காலுக்கு நிற்க வேண்டியதுகூட இல்லை, மிதிப்பதை நிறுத்திவிட்டு ஓடும் சைக்கிளிலேயே குதிகாலைக் கீழே அழுத்தினால் போதும். 20, 30 விநாடி பிடியுங்கள், வெட்டி வெட்டி இழுக்காதீர்கள், நண்பர்கள் ஓடிவந்து குத்துவதையும் பிசைவதையும் தடுங்கள். விட்ட பிறகு கால் மணி நேரம் காற்றில் மிதிப்பதுபோல் மிதியுங்கள். உடனே குழுவைத் துரத்தினால் திரும்ப வரும், நிச்சயம் வரும்.

வராமல் இருக்க என்றால், நீங்கள் ஓட்டும் அதிகபட்ச தூரத்தைச் சில வாரங்களில் 70லிருந்து 85, 100 என்று மெதுவாகக் கூட்டுங்கள். நிமிடத்துக்கு 80, 90 சுற்று மிதிக்க முடிகிற கியரில் ஓட்டுங்கள், மண்டாய் மேட்டில் கௌரவம் பார்க்காதீர்கள். வாரத்துக்கு இரண்டு நாள் உங்கள் புளோக் படிக்கட்டில் நின்று, முன்பாதம் மட்டும் படியில், குதிகால் வெளியே தொங்க, மேலே எழும்பி மெதுவாக, மூன்று எண்ணி, இறங்குங்கள். வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, குதிகாலை நாற்காலி மேல் வைத்து இடுப்பைத் தூக்குவது பின்தொடைக்கு. காசு கொடுத்து ஒன்று செய்வதானால் சீட் உயரத்தைச் சரிபாருங்கள், சீட் அதிக உயரமானால் ஒவ்வொரு மிதிக்கும் கால் நுனியை எட்டி நீட்டுவீர்கள். சவாரியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, தாகத்துக்குத் தண்ணீர், பாட்டில்களில் ஒன்றில் விளையாட்டு பானம். போகும் முன்னும் வந்த பின்னும் எடை பாருங்கள். கூடியிருந்தால் தேவைக்கு மேல் குடித்திருக்கிறீர்கள். அது ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்து, தலைவலி, வாந்தி, குழப்பம் என்று ஆளையே சாய்க்கக்கூடியது.

இனி உங்கள் ரத்த அழுத்த மாத்திரை. மாத்திரையின் பெயரை எழுதவில்லை நீங்கள், அதுதான் முக்கியம். அம்லோடிபின் மட்டும் என்றால் இந்த விஷயத்தில் பெரிய கவலை இல்லை. ஹைட்ரோகுளோரோதயசைடு மாதிரி சிறுநீரைக் கூட்டும் மருந்து என்றால் அது உப்பையும் பொட்டாசியத்தையும் ஏற்கனவே வெளியேற்றுகிறது, அதன் மேல் ஆறு மணி நேர வியர்வை. உங்கள் விஷயத்தில் உப்புக் கதை உண்மையாகவே இருக்கலாம், இத்தனை நேரம் நான் அதைக் கிண்டல் செய்த பிறகும். லோசார்டன், எனலாப்ரில் வகை என்றால் நேர் எதிர்ப் பிரச்சினை: அது பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைக்கும், அதன் மேல் பொட்டாசியம் சேர்த்த பொட்டலத்தைக் கரைத்துக் குடித்தால் இதயத் துடிப்பையே குலைக்கலாம். இரண்டும் சேர்ந்த ஒற்றை மாத்திரையும் உண்டு, அட்டையைத் திருப்பிப் பாருங்கள். உப்பு மாத்திரை ரத்த அழுத்தத்தை ஏற்றும் என்பது தனிக் கதை. இதையெல்லாம்விட நான் பயப்படுவது, சவாரிக்கு முன்னால் "முன்ஜாக்கிரதையாக" போடும் இப்யூபுரோஃபென், டைக்லோஃபெனாக் வலி மாத்திரைக்கு. அழுத்த மாத்திரை, சிறுநீர் மாத்திரை, வலி மாத்திரை, வெயில் நான்கும் ஒரே காலையில் சேர்ந்தால் சிறுநீரகம் படுத்துவிடலாம். இதை டப்பா விற்பவர் சொல்ல மாட்டார், அவருக்குத் தெரியவும் தெரியாது. அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடவும் கூடாது.

பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்கில்) வழக்கமான பரிசோதனைக்கு எப்படியும் போவீர்கள். அங்கே மருத்துவருக்குச் சில நிமிடம்தான், அந்த நிமிடங்களும் கணினித் திரையைப் பார்ப்பதில் போய்விடும். நீங்களாகச் சொல்லாவிட்டால் "சைக்கிள் ஓட்டுவீர்களா" என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஆகவே உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்: ஆறு மணி நேரம் வெயிலில் ஓட்டுகிறேன், கால் பிடிக்கிறது, சிறுநீரகமும் உப்புகளும் பார்க்கும் ரத்தப் பரிசோதனை வேண்டும். கொழுப்பு மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள். மூட்டுவலிக்கு எழுதுகிறவர்போல் எல்லாவற்றுக்கும் பனடோல் வலி மாத்திரை எழுதினால் விடாமல் திரும்பக் கேளுங்கள்.

சவாரிக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ சிறுநீர் கோக் நிறத்தில் போனால், தொடை வீங்கி வலித்தால், மருந்தகத்துக்கு நேரம் பதிவு செய்துகொண்டிருக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். யாராவது ரோட்டில் குழம்பிப் பேசினால் ஆம்புலன்ஸுக்கு 995.

ஆடாக்ஸுக்குப் பெயர் கொடுக்கலாம், ரத்தப் பரிசோதனை முடிவு வந்த பிறகு, 130ஐ ஒரு தடவையாவது பிடிப்பில்லாமல் முடித்த பிறகு. 200 கிலோமீட்டருக்கு அவர்கள் கொடுப்பது பதின்மூன்றரை மணி நேரம். நிறுத்தங்களையும் சேர்த்து மணிக்கு 15 கிலோமீட்டர் சராசரி போதும். ஜொகூரில் சிக்னலும் இங்கே அளவுக்கு இல்லை, முன்னால் போகிறவர்களைப் போக விடுங்கள். ஏற்கனவே வாங்கிவிட்ட டப்பா ஏதும் வீட்டில் இருந்தால், திறந்திருந்தாலும் பரவாயில்லை, மருந்தகத்துக்குப் போகும்போது பையில் போட்டுக்கொண்டு போய் மருந்தாளரிடம் காட்டுங்கள். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் பொட்டாசியம் இருக்கிறதா என்று அவர் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடுவார்.