"நல்லா நடிச்சாங்க"ன்னா என்னதான் செஞ்சாங்க?

வணக்கம் அண்ணே,

போன மாசம் கோலாலம்பூர்ல ஒரு தமிழ் நாடகம் பாத்தேன். அம்மா வேஷம் போட்ட அக்கா நடிச்சது எனக்கு ரொம்பப் பிடிச்சிருந்துச்சு. வீட்டுக்கு வந்து பேஸ்புக்கைத் தொறந்தா பாதிப்பேரு "வாழ்ந்து காட்டிட்டாங்க"ங்கிறாங்க, மீதிப்பேரு "ஓவர் ஆக்டிங்"ங்கிறாங்க. யாரை நம்புறது? நீங்க ஒரு தடவ அந்தக் காலத்து பிரெஞ்சு நடிகை சாரா பெர்ன்ஹார்ட்டைவிட இத்தாலிக்கார எலியனோரா டூசேதான் பெரிய நடிகைன்னு எழுதினீங்க. நீங்களும் பாக்கல, நானும் பாக்கல. அப்ப லண்டன்ல நாடக விமர்சனம் எழுதின பெர்னாட் ஷா சொல்லிட்டாருன்னு ஒத்துக்கணுமா? அதுவும் ஒரு கமெண்ட்தானே? எனக்கு இன்னும் மனசுல நிக்கிறது, செத்துப்போன மகனோட பள்ளிச் சட்டையை அந்தக்கா மடிக்கிறதும் பிரிக்கிறதும் திரும்ப மடிக்கிறதுமா இருந்தாங்களே, அதுதான்.

வாசகி, செந்தூல்

வணக்கம் தங்கச்சி,

கேள்வி நல்லா சூடா இருக்கு. ஷா சொன்னாருங்கிறதுக்காக ஒண்ணும் நம்பவேணாம். அவரு நடுநிலையான ஆளும் இல்ல, புது மாதிரி நாடகம் எழுதின நார்வேக்காரர் இப்சனோட கட்சி, பழைய ஸ்டைல் நடிப்பைக் கண்டாலே ஆகாது. ஆனா 1895 ஜூன்ல லண்டன்ல அந்த ரெண்டு பேரும் ஒரே சமயத்துல ஒரே நாடகத்துல, ஜெர்மன்காரர் சூடர்மான் எழுதினதுல, மாக்டாங்கிற அதே வேஷத்தை ஆளுக்கொரு மேடையில போட்டாங்க, பெர்ன்ஹார்ட் பிரெஞ்சுல, டூசே இத்தாலியன்ல. ஷா போய்ப் பாத்துட்டு வந்து எழுதினாரு. அதுல "அருமை, பிரமாதம்"னு ஊதுறதைத் தள்ளிடுங்க, மிச்சம் என்ன இருக்குன்னு பாருங்க.

மாக்டா வீட்டைவிட்டுப் போன பொண்ணு, பாடகியாப் பேரெடுத்துத் திரும்பி வந்திருக்கா. அவ குழந்தைக்கு அப்பன் எத்தனையோ வருசம் கழிச்சு மரியாதையா பார்க்க வரான். டூசே சாதாரணமா வரவேற்கிறாங்க, பூவை வாங்கிக்கிறாங்க, உக்காந்து அவன் எவ்வளவு மாறிட்டான்னு ஏற இறங்கப் பாக்கிறாங்க, எல்லாம் சமாளிச்சாச்சுன்னு நினைக்கிறப்ப முகம் சிவக்க ஆரம்பிக்குது. அது தனக்கே தெரிஞ்சதும் இன்னும் ஜாஸ்தியாகுது, திரும்பிக்கிறாங்க, கடைசியில கையால முகத்தை மூடிக்கிறாங்க. டூசே மேக்கப் அப்பிக்கிற ஆளும் இல்ல, அதனாலதான் தெரிஞ்சிருக்கு. இந்தச் சிவப்பு தினமும் தானா வருமா, தொழில் ரகசியமான்னு ஷாவே கேட்டு வைக்கிறாரு. எனக்கு அந்தச் சந்தேகம்தான் ரொம்பப் பிடிச்சது. கண்ணால பாத்தவனுக்குத்தான் அப்படி ஒரு சந்தேகம் வரும்.

பெர்ன்ஹார்ட்டை அவரு திட்டித்தான் எழுதினாரு, வேஷத்துக்குள்ள போகாம தன்னையே கொண்டாந்து வைக்கிறாங்கன்னு. அப்பவும் பாருங்க, காதுக்குச் சாயம் பூசி முடிக்கு நடுவுல எட்டிப்பாக்க விட்டிருந்தது, விரல் நுனியில ரோஸ் கலரு, ஒண்ணும் விடல மனுசன். அம்பது வயசு பெர்ன்ஹார்ட் அந்தத் திட்டுக்குள்ளயே நமக்குக் கண்ணு முன்னால நிக்கிறாங்க. அதைப் படிச்சிட்டு "எனக்கு இந்தம்மாதான் பிடிச்சிருக்கு"ன்னு நீங்க சொன்னாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன், ஷா சொன்னதுக்கு எதிரா முடிவு பண்றதுக்கு வேண்டியதையும் ஷாவே குடுத்துட்டுப் போயிருக்காரு. உங்க பேஸ்புக் கமெண்ட்ல அது இருக்கா?

சும்மா கிண்டல் பண்றதுல இந்த மாதிரி விவரம் கிடைக்காது. கே.பி.சுந்தராம்பாள் நாடக மேடையில கொடிகட்டிப் பறந்தவங்க, 1935ல நந்தனார் படத்துல ஒரு லட்சம் ரூபாய் சம்பளத்துக்கு ஆம்பள வேஷம் போட்டாங்க. ஆனந்த விகடன்ல கல்கி அந்தப் படத்தை விமர்சனம் பண்ணப்ப மனுசங்களைவிட எருமைக்கும் மரத்துக்கும்தான் நடிப்புக்கு மார்க் போட்டாரு. இன்னிக்கும் படிச்சா சிரிப்புதான். ஆனா அந்த ஜோக்கை வச்சு அந்தம்மா எப்படி நடந்தாங்க, கையை எங்க வச்சுக்கிட்டாங்கன்னு கண்டுபிடிக்க முடியுமா? எருமைதான் ஞாபகத்துல நிக்குது.

நம்ம ஊரு கதை வேற. தமிழ் நாடகம் நடந்தா மறுநாள் பேப்பர்ல டத்தோ பட்டம் வாங்கின எந்தப் பெரிய மனுசர் குத்துவிளக்கு ஏத்தினாரு, யாருக்கு மாலை போட்டாங்க, யாரு வாழ்த்திப் பேசினாங்கன்னு வரும், நடிகை பேரு கடைசிப் பத்தியில, "சிறப்பாக நடித்தார்". ஆளுங்களும் தெரிஞ்ச ஆளுங்க, அடுத்த கல்யாணத்துல மூஞ்சியப் பாக்கணும், யாரு எழுதுவா? இதே கோலாலம்பூர்ல கிருஷன் ஜித் நியூ ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்ங்கிற இங்கிலீஷ் பேப்பர்ல 1972லருந்து இருபது வருசத்துக்கு மேல தொடர்ந்து நாடக விமர்சனம் எழுதினாரு, அவரே டைரக்டர் வேற, நாடகக்காரங்களோடயே புழங்கினவரு. தெரிஞ்ச ஆளுங்கங்கிறது ஒரு சாக்கு, அவ்வளவுதான். தமிழ் நாடகத்துக்கு அப்படி விடாம எழுத ஒரு ஆளு அமைஞ்சிருந்தா, நம்ம பழைய நடிகைங்களைப் பத்தி "நல்ல குரல், நல்ல அழகு"க்கு மேல நாலு வரி கிடைச்சிருக்கும்.

"ஓவர் ஆக்டிங்" சமாச்சாரத்துக்கு வரேன். சொன்னவங்க எந்த வரிசையில உக்காந்திருந்தாங்கன்னு கேளுங்க. நம்ம ஆளுங்க நாடகம் போடுற மண்டபம் முக்காவாசி கல்யாண மண்டபம்தான், மைக் மேடை ஓரத்துல இருக்கும், பின்னாடி பிள்ளைங்க ஓடும். கடைசி வரிசைக்கும் கேக்கணும்னு அந்தம்மா தொண்டையைத் தொறந்தா முன்வரிசைக்கு அது கத்தல்தான். டூசே முகம் சிவந்ததும் பின்னால இருந்தவனுக்குத் தெரிஞ்சிருக்குமாங்கிறது வேற விசயம்.

நீங்க எழுதினதுலயே அந்தச் சட்டை மடிச்ச வரிதான் எனக்கு விமர்சனம், அதுக்கு முன்னால இருக்கிற "ரொம்பப் பிடிச்சிருந்துச்சு" இல்ல. ஆனா பாதியில விட்டுட்டீங்க. மடிக்கிறப்ப சட்டையைப் பாத்தாங்களா, நம்மளைப் பாத்தாங்களா? பட்டன் போட்டாங்களா? அழுதுகிட்டே மடிச்சாங்களா, மடிச்சு முடிச்சிட்டு அழுதாங்களா? அதை எழுதி அனுப்புங்க, அப்படியே போடுறேன். நீங்க எந்த வரிசைன்னும் சேத்து எழுதுங்க.