ஹாஸ்பிஸில் சேர்க்கும் முன் என்ன கேட்க வேண்டும்?

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது, வாய்ப் புற்றுநோய். இனி வைத்தியத்தால் பயனில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். எங்கள் பகுதியில் ஒரு அறக்கட்டளை ஹாஸ்பிஸ் (குணமாக்க முடியாத நோயாளிகளின் வலியைத் தணித்துக் கவனிக்கும் இல்லம்) நடத்துகிறது. இடம் பளிச்சென்று இருக்கிறது. மாதக் கட்டணம் தவிர, சேர்க்கும்போது 30,000 ரூபாய் நன்கொடை கேட்கிறார்கள். "அங்கே போனால் திரும்பி வரமாட்டார்" என்கிறார்கள் உறவினர்கள். கவனிப்பு எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?
- வாசகர், திருச்சி

பதில்: தரை பளிச்சென்று இருப்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். "ராத்திரி இரண்டு மணிக்கு அப்பாவுக்கு வலி வந்தால் யார் வருவார்கள், என்ன கொடுப்பார்கள்?" இதைத்தான் முதலில் கேளுங்கள். "டாக்டருக்கு போன் போடுவோம்" என்பதோடு பதில் முடிந்துவிட்டால் யோசியுங்கள். இரவில் ஆயா மட்டும் இருந்தால் போதாது, பயிற்சி பெற்ற நர்ஸ் இருக்க வேண்டும். வலி கூடினால் எந்த மருந்தை எவ்வளவு கூட்டிக் கொடுக்கலாம் என்று டாக்டர் கேஸ் ஷீட்டில் முன்பே எழுதி வைத்திருக்கவும் வேண்டும்.

அடுத்தது, கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின். முற்றிய வாய்ப் புற்றுநோயின் வலி பாரசிட்டமாலுக்கு அடங்காது. முன்பெல்லாம் மார்ஃபினை வாங்கி வைக்கப் பல லைசென்ஸ்களுக்கு அலைய வேண்டும். 2014-ல் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்திய பிறகு, மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் ஒரே அங்கீகாரம் போதும். அது இருக்கிறதா, மருந்து கையிருப்பு இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். "அதெல்லாம் கொடுத்தால் பழகிவிடும்" என்று சொன்னால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது முதியோர் இல்லம்தான். டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும் மார்ஃபினுக்கு, புற்றுநோயாளி அடிமையாகிவிடுவாரோ என்று பயப்பட வேண்டியதில்லை.

நர்ஸிடம் பேச்சுவாக்கில் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள்: "மார்ஃபின் கொடுத்தால் கூடவே வேறு என்ன கொடுப்பீர்கள்?" அந்த மாத்திரை சாப்பிடும் அநேகமாக எல்லோருக்கும் மலச்சிக்கல் வரும். அதனால் மலம் இளக மருந்தையும் சேர்த்தே எழுதுவார்கள். விஷயம் தெரிந்தவருக்கு இந்தப் பதில் யோசிக்காமல் வரும்.

வாய்ப் புற்றுநோயில் புண்ணின் வாடையும் பெரிய கஷ்டம். சொந்தக்காரர்களே பக்கத்தில் உட்காரத் தயங்குவார்கள், நோயாளிக்கு அது வலியைவிடக் கொடுமை. மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினால் வாடை நன்றாகக் குறையும். விலை குறைந்த மருந்துதான். வாடைக்கு என்ன செய்வீர்கள் என்று கேட்டு, ரூம் ஸ்ப்ரேயைக் காட்டுகிறார்களா, இந்த மருந்தைச் சொல்கிறார்களா என்று பாருங்கள். விழுங்க முடியாமல் போனால் மருந்து எந்த வழியில் கொடுப்பார்கள் என்பதையும் கேட்டு வையுங்கள்.

பார்வையாளர் நேரத்தில் போவதைவிட, அனுமதி கேட்டு மதியச் சாப்பாட்டு வேளையில் ஒருமுறை போய் வாருங்கள். எழுந்திருக்க முடியாதவர்களின் உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா, தண்ணீர் எட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று கவனியுங்கள். படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைத்து, அதை ஒரு தாளில் குறிப்பது வழக்கம். காலை பத்து மணிக்கே சாயங்காலம் ஆறு மணிவரை டிக் அடித்திருந்தால், வந்த வழியே திரும்பிவிடலாம்.

பணத்துக்கும் கவனிப்புக்கும் நேர்க் கணக்கு கிடையாது. மும்பையில் 1986-ல் தொடங்கிய சாந்தி அவேத்னா, பெங்களூரு கருணாஷ்ரயா போன்ற ஹாஸ்பிஸ்கள் நோயாளியிடம் கட்டணம் வாங்காமல் நடப்பவை. உங்களிடம் கேட்கும் 30,000 ரூபாய் உண்மையில் அட்மிஷன் கட்டணம். அதைக் கட்டணமாகவே ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். "நன்கொடைக்கு வருமான வரி விலக்கு கிடைக்குமே" என்பார்கள். சேவைக்குக் கைமாறாகக் கொடுப்பது நன்கொடையே ஆகாது. அப்படியே உண்மையான நன்கொடையாக இருந்தாலும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் விலக்கு கிடையாது. டயப்பர், டிரெஸ்ஸிங், ஆக்சிஜன் இவையெல்லாம் மாதக் கட்டணத்தில் அடங்குமா, இடையில் வீட்டுக்கு அழைத்துப் போனால் மீதிப் பணம் திரும்ப வருமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

உறவினர்கள் சொல்வதற்கு வருவோம். நல்ல ஹாஸ்பிஸில் ஓரிரு வாரம் வைத்திருந்து, வலியைக் கட்டுக்குள் கொண்டுவந்து வீட்டுக்கு அனுப்புவதும் உண்டு. அப்படி எடுத்துக்கொள்வார்களா என்று விசாரியுங்கள். 2021-ல் தொடங்கிய தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து செய்யும் வலி நிவாரண, ஆதரவு சிகிச்சையும் அடக்கம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். பகலில் ஒரு ஆளை வைத்துக்கொண்டு இதையும் சேர்த்தால், ஹாஸ்பிஸே இப்போதைக்குத் தேவைப்படாமல் போகலாம்.

கேள்வி: என் மாமியாரை ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்திருந்தோம். முதுகில் உள்ளங்கை அளவுக்குப் படுக்கைப் புண். எங்களுக்குச் சொல்லவே இல்லை. போன மாதம் இறந்துவிட்டார். கொடுத்த பணத்துக்கெல்லாம் நன்கொடை ரசீதுதான் இருக்கிறது. புகார் செய்ய முடியுமா?
- வாசகி, சேலம்

பதில்: முடியும். எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்கிற இடம்தான் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கி, சிலருக்கு இலவசமாகச் செய்தால், இலவச நோயாளிகளும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது. ரசீதில் நன்கொடை என்று இருப்பதுதான் உங்களுக்குச் சிக்கல். மாதாமாதம் ஒரே தொகை கட்டியதற்கான வங்கிக் கணக்கு விவரம், பணம் கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகள் இரண்டையும் எடுத்து வையுங்கள். அது கட்டணம் என்று காட்ட அவை உதவும்.

முதல் வேலையாக, கேஸ் ஷீட் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். நோயாளி தரப்பு கேட்டால் டாக்டர்கள் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சில் விதி. புண்ணின் போட்டோ இருந்தால் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். படுக்கைப் புண் வந்தாலே அலட்சியம் என்று ஆகிவிடாது. கடைசி நாட்களில் எவ்வளவு பார்த்தாலும் சிலருக்கு வந்துவிடும். புரட்டிப் படுக்க வைத்தார்களா, டிரெஸ்ஸிங் செய்தார்களா, உங்களிடம் ஏன் மறைத்தார்கள் என்பதில்தான் வழக்கு நிற்கும்.

மாமியாரின் சட்டப்படியான வாரிசு என்ற முறையில் உங்கள் கணவர், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே மனு போடலாம். கெடு இரண்டு ஆண்டுகள். கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. வழிகாட்டலுக்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். கூடவே மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநருக்கும் ஒரு புகார் அனுப்புங்கள். அந்த இல்லம் மருத்துவ நிறுவனமாகப் பதிவு பெற்றதா என்பது அங்கே தெரிந்துவிடும்.